அக்காவின் கன்னத்தில் ஒரு வெளிச்சம்

நம் காலத்து டிராயிங் வகுப்பு உங்களுக்கு நினைவிருக்கும். கிளி, மாம்பழம், செம்பு. டீச்சர் கரும்பலகையில் கோடு போடுவார். அந்தக் கோட்டைப் பார்த்து நாமும் கோடு போடுவோம். மாம்பழம் உருண்டையா தட்டையா என்று யாரும் யோசித்ததில்லை. தென்காசியில் நான் படித்த பெண்கள் பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு சாரல் காலத்தில் புது டீச்சர் வந்தார்.

வெள்ளைக்காரன் ஆட்சி. கோயில் கோபுரம் அப்போது பிளந்து மொட்டையாக நின்றது. காக்கைகள் அதன் உள்ளே குடியிருந்தன. எனக்குப் பத்து வயதுக்கு மேல், பாவாடை சட்டைப் பருவம். செங்கோட்டைக் கணவாய் வழியே காற்று கிளம்பி வந்தால் வகுப்பின் ஜன்னல் கதவுகள் படபடவென்று அடித்துக்கொள்ளும். துணி காயாது, சுவர் காயாது, தலைமுடி காயாது. எல்லாவற்றிலும் ஒரு ஈர வாடை.

புது டிராயிங் டீச்சர் பாளையங்கோட்டைக்காரர், வேதக்காரர்; கிறிஸ்தவர்களை அப்போது அப்படித்தான் சொல்வோம். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கையில் எப்போதும் ஒரு குடை. வலது கட்டைவிரல் நகத்தடியில் போகாத கறுப்பு. அவருடைய துணிப்பையில் தீயில் வாட்டிய கரிக்குச்சிகளும் ஒரு பன்ரொட்டியும் இருக்கும். கரிக்கோட்டை அழிக்க ரப்பர் ஆகாது, ரொட்டியைக் கிள்ளி உருட்டி ஒற்றி எடுக்க வேண்டும். பன்ரொட்டி அந்நாளில் எங்கள் ஊரில் அபூர்வம். அழிக்கக் கொடுத்ததில் பாதியை நாங்கள் தின்றுவிடுவோம். பல்லெல்லாம் கறுப்பாக இருக்கும். பார்த்தும் பாராததுபோல் இருந்துவிடுவார்.

முதல் வகுப்பிலேயே ஜன்னல்களைச் சாத்தச் சொன்னார். ஒன்றே ஒன்று திறந்திருந்தது. மேசைமேல் ஒரு மண்சட்டி, முழுக்கச் சுண்ணாம்பு அடித்தது.

“கண்ணைப் பாதி மூடிக்கிட்டுப் பாருங்க. வெளிச்சம் எங்கயிருந்து வருது?”

“ஜன்னல் பக்கம் டீச்சர்.”

“அப்பம் இருட்டு?”

“சுவர்ப் பக்கம்.”

“சட்டி பூரா ஒரே சுண்ணாம்புதானே? இந்தப் பக்கம் மட்டும் ஏன் கறுப்பாத் தெரியுது?”

அன்று முழுக்க நாங்கள் கோடே போடவில்லை. கரியைப் பக்கவாட்டில் பிடித்து இருட்டை மட்டும் தேய்த்தோம். விரலால் இழுத்து மெல்ல மெல்ல வெளிறச் செய்தோம். வெளிச்சம் பட்ட இடத்தைத் தொடவே கூடாது, தாளை அப்படியே விட்டுவிட வேண்டும். மணி அடிக்கும் நேரத்தில் என் தாளில் ஒரு சட்டி உட்கார்ந்திருந்தது. கையை விட்டு எடுக்கலாம்போல் அத்தனை உருண்டையாக. எனக்கு அது கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

இன்னொரு நாள் சட்டியின் இருட்டுப் பக்கத்தருகே ஒரு வெள்ளைத் துண்டை விரித்துப் பிடித்தார். இருட்டின் ஓரத்தில் மெல்லிய வெளிச்சம் ஒன்று வந்தது. துண்டை எடுத்தார், போய்விட்டது.

“இதுக்கு எதிர்வெளிச்சம்னு பேரு. துண்டு மேல பட்டுத் திரும்பி வருது. எந்த வெளிச்சமும் எங்கயிருந்தாவது வந்துதான் ஆகணும். காரணம் இல்லாம ஒரு இடம் வெளுத்திருக்காது. படத்துல வெளுப்பு வச்சீங்கன்னா, எங்கயிருந்து வந்துச்சுன்னு கேப்பேன். சொல்லத் தெரியணும்.”

ஊருக்குள் பேச்சு கிளம்பிவிட்டது. பெண்பிள்ளைகளை இருட்டறையில் அடைத்துக் கரி பூச வைக்கிறாளாம் என்றார்கள். ஒரு வகுப்புத் தோழியின் அம்மா பள்ளிக்கூடத்துக்கே வந்து சண்டை போட்டுவிட்டுப் போனார். மகள் தன் தம்பியின் முகத்தை வரைந்து பாதியைக் கறுப்பாக்கியிருந்தாளாம். பிள்ளைக்கு மறுநாளே காய்ச்சல்.

எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை யாரும் பொருட்படுத்தவில்லை. அப்பாவுக்கு ஜவுளிக்கடை, கடையநல்லூர்த் தறித்துணி வியாபாரம். அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, கூறைப்புடவை, நகை என்று வீடு அல்லோலப்பட்டுக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வாசுதேவநல்லூரில் வயல்காரர்கள். ஆவணியில் முகூர்த்தம்.

அக்காவுக்குப் பதினேழு வயது. எனக்கும் அவளுக்கும் நடுவில் பிறந்த இரண்டும் தங்கவில்லை, அதனால் அவள் எனக்குப் பாதி அம்மா. கெட்டிக்காரி என்று பெயரெடுத்தவள். பெண் பார்க்க வந்த அன்று, கொதிக்கிற பால்பாத்திரத்தை அடுப்பிலிருந்து வெறுங்கையால் இறக்கினாள். மாப்பிள்ளையின் அம்மா அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாத்தியளா, ஒரு பிடிதுணி கூட இல்லாம எறக்குதா!” என்று அவர் வியந்ததும், “அவ கை இரும்புல்லா! சோத்துப்பானையையும் அப்படித்தான் எறக்குவா” என்று அம்மா பூரித்துப்போனாள். அந்தக் கைக்காகவே அவளைப் பிடித்துப்போயிற்று என்று பிறகு சொல்லி அனுப்பினார்கள்.

அந்தச் சீசனில் வாரம் தவறாமல் எங்களுக்குக் குற்றாலம். விடியுமுன் வண்டி கட்டுவார்கள். சாரலில் நனைந்த மாட்டின் முதுகிலிருந்து ஆவி கிளம்பும். கூட்டம் சேரும் அருவியை விட்டு, அம்மா வண்டியை ஐந்தருவிக்கு விடச் சொல்வாள். அங்கே அப்போது கடை கிடையாது, ஒன்றும் கிடையாது. காடு, குரங்கு, தண்ணீர்ச் சத்தம். அம்மா அக்காவைப் பிடித்து இழுத்துப்போய் நல்ல வேகமாக விழுகிற தண்ணீருக்கடியில் நிறுத்துவாள். “மொகத்தைக் காட்டு, நல்லாக் காட்டு” என்று தாடையைப் பிடித்து நிமிர்த்துவாள். அக்கா மூச்சுத் திணறி வெளியே வந்தால் மறுபடியும் தள்ளுவாள். பிறகு பாறையில் உட்காரவைத்து மஞ்சளையும் ஏதோ ஒரு கசப்பு மருந்தையும் அரைத்துக் கொண்டுவந்ததைக் கன்னத்தில் பூசுவாள். கல்யாணப் பெண்ணுக்கு நிறம் ஏற வேண்டாமா என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கு அருவி கிடைத்தது, ஈரத்தோடு திரும்புகையில் சுடச்சுட ஆப்பம் கிடைத்தது. வேறென்ன வேண்டும்?

அம்மா முகத்தில் அப்போது சிரிப்பே இருந்ததில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

ஆனி கடைசியில் ஒரு சனிக்கிழமை. டீச்சர் வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார்: வீட்டில் இருக்கிற யாராவது ஒருவருடைய முகம், ஒரே ஜன்னல் வெளிச்சத்தில். அம்மா கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். அக்கா எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகி, மஞ்சள் பூசாத முகத்தோடு தலையை விரித்துப்போட்டிருந்தாள். அடுக்களை ஜன்னலோரம் உட்காரச் சொன்னேன். மறுபக்கம் புகை படிந்த சுவர், கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு.

“ஏட்டி, சீக்கிரம் முடி. உலை வைக்கணும்.”

“அசையாத. மூக்கு போயிரும்.”

“இப்பம் மட்டும் இருக்கதாக்கும்!” என்று சிரித்தாள்.

கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தேன். ஜன்னல் பக்கக் கன்னம் வெளிச்சம். மூக்கின் நிழல் மேலுதட்டில் சாய்ந்தது. சுவர்ப் பக்கம் முழு இருட்டு. ஆனால் அந்த இருட்டுக்குள்ளே, காதுக்குக் கீழே, தாடையை ஒட்டி, ஒரு வெற்றிலை நுனியளவு இடம் வெளுப்பாகத் தெரிந்தது. டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி, தெரிவதைத்தானே போட வேண்டும்? அந்த இடத்தில் கரி படாமல் விட்டேன்.

திங்கட்கிழமை டீச்சர் படத்தைப் பார்த்து முதலில் சந்தோஷப்பட்டார். பிறகு விரலை வைத்தார்.

“இது எங்கயிருந்து வந்துச்சு?”

“எதிர்வெளிச்சம் டீச்சர்.”

“எதுல பட்டு? பக்கத்துல பித்தளைக்குடம் இருந்துச்சா? வெள்ளைத்துணி?”

“இல்ல டீச்சர். கரிப்பிடிச்ச சுவர்தான்.”

“கரிச்சுவர்ல பட்டு வெளிச்சம் திரும்பாது. நீ தப்பாப் பாத்திருக்க. போயி மறுபடி உக்கார வச்சுப் போட்டுட்டு வா.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அக்காவைக் கெஞ்சி அதே இடத்தில் உட்காரவைத்தேன். ஒருமுறை சுவர்ப்பக்கம் ஒரு கறுப்புத் துணியைக்கூடத் தொங்கவிட்டுப் பார்த்தேன். வெளுப்பு அங்கேயே இருந்தது. அதே இடம், அதே வடிவம். அப்படியே போட்டுக்கொண்டு போனேன்.

டீச்சர் அழிப்பதற்கு ரொட்டியைக் கிள்ளி உருட்டி வைத்திருந்தார். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். உருண்டை அவர் விரல்களுக்கிடையிலேயே நின்றது. வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகு என்னை நிறுத்திவைத்துக் கேட்டார்.

“உங்க அக்கா கையில எப்பமாவது சூடு பட்டிருக்கா?”

“அக்காவுக்குச் சூடே தெரியாது டீச்சர். கை இரும்பு. கொப்புளம் வந்தப்புறம்தான் பாப்பா” என்றேன், பெருமையாக.

டீச்சருடைய முகம் மாறியதை நான் பார்த்தேன். ஏன் என்று தெரியவில்லை. அவருடைய அப்பா ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர் என்பதும், அந்த ஆஸ்பத்திரி பெருவியாதிக்காரர்களுக்கானது, அதாவது தொழுநோய்க்காரர்களுக்கானது என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

அன்று சாயங்காலமே குடையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மாவைத் தனியாகப் பேச வேண்டும் என்று உள்ளறைக்கு அழைத்துப்போனார். நானும் அக்காவும் கதவுக்கு இந்தப் பக்கம்.

“தேமல்தான் டீச்சர் அது. சீசன்ல நாலு குளி குளிச்சா ஓடிரும்” என்று அம்மாவின் குரல் கேட்டது.

“எத்தனை நாளா இருக்கும்மா?”

“எதுக்குக் கேக்கிய?”

“தேமல்னா தொட்டாத் தெரியும். குத்துனா வலிக்கும். அவளுக்கு அந்த இடத்துல வலி தெரியுதான்னு பாத்தியளா? ஆரம்பத்துலயே ஊசி போட்டாக் கேக்கும்மா. எங்கப்பா எத்தனையோ பேரைப் பாத்திருக்காவ. கல்யாணத்தைத் தள்ளி வச்சிட்டு ஆஸ்பத்திரிக்கு ஒருதடவை கூட்டிட்டுப் போயிருவோம். நானே வாரேன்.”

பிறகு அம்மா கத்தினாள்.

“படம் சொல்லிக்குடுக்க வந்தவளுக்கு என் வீட்டுக்குள்ள என்னட்டி வேலை? கண்ணாலம் ஆகப்போற பொண்ணைப் பாத்து என்ன வார்த்தை சொல்லுத! உன் ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடிக்கணும்னா வேற தெருவுக்குப் போ!”

டீச்சர் வெளியே வந்தபோது அக்காவைத்தான் பார்த்தார். அக்கா கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அம்மா அவருக்குப் பின்னாலேயே வந்து, என் பையை உதறி, இரண்டு படங்களையும் எடுத்து அடுப்பில் போட்டாள்.

அப்பா மறுநாளே பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பெரிய டீச்சரைப் பார்த்தார். பிள்ளைகளை இருட்டில் உட்காரவைப்பது, வீடு வீடாகப் போய் வேதத்துக்கு ஆள் சேர்ப்பது என்று புகார். ஏற்கெனவே வந்த பேச்சோடு இதுவும் சேர்ந்துகொண்டது. அந்த வாரம் முடிவதற்குள் டிராயிங் டீச்சர் பாளையங்கோட்டைக்கே போய்விட்டார். ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டார்கள். மறுபடியும் கிளி, மாம்பழம். அப்பா கெட்டவர் இல்லை. மகளுடைய கல்யாணத்துக்குக் குறுக்கே ஒருத்தி வந்து நிற்கிறாள் என்றுதான் அவருக்குத் தெரிந்தது.

நல்ல மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், அக்கா என்னை மச்சுக்குக் கூப்பிட்டாள். கையில் ஒரு ஊக்கு.

“நீ வெளுப்பாப் போட்டேல்லா, அது எந்த இடம்னு உனக்குத் தெரியும். நான் கண்ணை மூடிக்கிடுதேன். அங்கனயும் இங்கனயுமா மாத்தி மாத்திக் குத்து. நான் சொல்லுதேன்.”

“வலிக்கும்க்கா.”

“குத்துட்டி.”

நெற்றியில் தொட்டேன். “நெத்தி” என்றாள். மூக்கில் தொட்டேன். “மூக்கு.” காதுக்குக் கீழே அந்த வெளுத்த இடத்தில் ஊக்கை வைத்தேன். அக்கா சும்மா இருந்தாள். இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். குன்றிமணி போல ரத்தம் எட்டிப் பார்த்தது.

“என்னட்டி, குத்தலியா?” என்றாள், கண்ணைத் திறக்காமல்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டு விரலில் பட்டதைப் பார்த்தாள். பிறகு ஊக்கை வாங்கித் தன் சுண்டுவிரலிலும் பக்கத்து விரலிலும் தானே குத்திக்கொண்டாள். ஓட்டின்மேல் மழை அடிக்கிற சத்தத்தில் நான் அழுதது கீழே யாருக்கும் கேட்டிருக்காது. அவள் அழவில்லை.

“யார்ட்டயும் சொல்லாத. நானே சொல்லிக்கிடுதேன்” என்றாள்.

ஆடியில் மாப்பிள்ளையின் அம்மா சீசனுக்கு வந்து குற்றாலத்தில் தங்கினார். சம்பந்தி முறைக்கு நாங்கள் பலகாரம் எடுத்துக்கொண்டு போனோம். எல்லாருமாக ஐந்தருவிக்குக் குளிக்கப் போனார்கள். தண்ணீர் செம்மண் நிறத்தில் கனத்து விழுந்தது. பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. அம்மா எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடிக்கொண்டிருந்த சமயம், அக்கா கை நிறையத் தண்ணீர் அள்ளி முகத்து மஞ்சளைத் தேய்த்துக் கழுவினாள். நேரே அந்த அம்மாவின் முன்னால் போய் நின்றாள். நான் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

“அத்தை, இந்த இடத்தைப் பாருங்க. ஊசி குத்துனாலும் எனக்குத் தெரியல. கையில சூடும் தெரியல. நீங்க மெச்சுன கை அதனாலதான். உங்க வீட்டுக்கு நான் வரக்கூடாது.”

அந்த அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. கன்னத்தைத் தொட வந்த கை பாதி வழியில் நின்றுவிட்டது. ஒரு அடி பின்னால் வைத்தார். அந்த ஒரு அடியை நான் இன்றைக்கும் பார்க்கிறேன். அக்கா அதற்கும் தயாராகத்தான் நின்றாள்.

அந்த அம்மா என்ன நினைத்தாரோ, பாறைமேல் மடித்து வைத்திருந்த தன்னுடைய காய்ந்த புடவையை எடுத்தார். அதை அக்காவின் தோளைச் சுற்றிப் போர்த்தினார். “ஈரத்தோட நிக்காத தாயி” என்றார். ஈரச்சேலையோடு தானே வண்டிக்கு நடந்துவிட்டார். வாசுதேவநல்லூரிலிருந்து ஜாதகத்தில் ஏதோ தோஷம் என்று சொல்லி அனுப்பினார்கள். உண்மையான காரணத்தை அந்த அம்மா சாகும்வரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அக்காவை அடித்தாள். அடித்துவிட்டு அவளையே கட்டிக்கொண்டு அழுதாள். மறுநாள் அப்பா பாளையங்கோட்டைக்கு ரயில் ஏறினார். டிராயிங் டீச்சர் வீட்டு வாசலில் நின்று, “டீச்சர்” என்று மட்டும் கூப்பிட்டாராம். டீச்சர் பழைய பேச்சை எடுக்கவே இல்லை. “பிள்ளை எங்க இருக்கா?” என்று குடையை எடுத்துக்கொண்டாராம். அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார்.

டீச்சரும் அப்பாவும் அக்காவை அந்த மிஷன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். ரயிலில் ஒரு பகல் தூரம். அங்கே மருந்து என்றால் நீரடிமுத்து எண்ணெய்தான். நம் மலையிலும் காய்க்கிற மரம். அந்தக் கெட்டி எண்ணெயைச் சூடாக்கித் தடித்த ஊசியால் சதைக்குள் ஏற்றுவார்கள். போட்ட இடம் கட்டிக்கொண்டு வாரம் முழுக்க வலிக்குமாம். அக்கா அங்கே வருடக்கணக்காக இருந்தாள். நோய் நின்றது, இரண்டு விரல்கள் மட்டும் மடங்கிப்போயின. பிற்பாடு அதே ஆஸ்பத்திரியில் புண் கட்டுகிற வேலை பார்த்து, அங்கேயே குணமான ஒருவரைக் கட்டிக்கொண்டு, அப்பா அம்மா இருவரும் போன பிறகும் நெடுநாள் வாழ்ந்தாள்.

ஊருக்கு என்ன சொல்வது? எனக்கும் ஒரு நாள் மாப்பிள்ளை வர வேண்டுமே. மாமா கொழும்பில் கடை வைத்திருந்தார். அக்கா மாமா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றார்கள் முதலில். கார்த்திகையில், அங்கே விஷஜுரம் கண்டு போய்விட்டாள் என்றார்கள். தெருவே கூடி அழுதது. அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுததைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவள் நடிக்கவில்லை. பதினாறாம் நாள் விசேஷமும் நடந்தது. எனக்கு வாயைத் திறக்கக்கூடாது என்று சத்தியம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். உயிரோடு இருக்கிறவளுக்காகத் துக்கம் காட்டப் பழகிக்கொண்டேன்.

வருடம் திரும்பி முதல் தெவசம் வந்தது. ஊர்க்கண்ணுக்கு அதையும் செய்ய வேண்டியிருந்தது. வாழைக்காய்க் கறி, உளுந்தவடை, எள்ளுருண்டை, பாயசம். வந்தவர்கள் சாப்பிட்டுப் போனதும் அம்மா ஒரு தூக்குச்சட்டியையும் இலைப்பொட்டலத்தையும் கட்டினாள். “பிள்ளை வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டு ஒரு வருசமாச்சு” என்றாள். மறுநாள் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு ரயிலேறினார்.

ஆஸ்பத்திரியில் ஒரு வேப்பமரத்தடியில் உட்காரச் சொன்னார்கள். அக்கா வந்தாள். மெலிந்திருந்தாள், தலைமுடியைக் கட்டையாக வெட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் தூரத்திலேயே நின்று சிரித்தாள். அப்பா பொட்டலத்தைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். ஆசையாகத்தான் பிரித்தாள். வடையை ஒரு விள்ளல் வாயில் போட்டாள். எள்ளுருண்டையைப் பார்த்தாள். வாழைக்காயைப் பார்த்தாள். வெங்காயம் ஒரு துண்டுகூட இல்லை. மெல்லுவது நின்றது.

“யாருக்குப்பா தெவசம்?”

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் என் பக்கம் திரும்பினாள். நான் சத்தியம் செய்திருந்தேன். ஆனால் அவளிடம் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அக்கா கொஞ்ச நேரம் கையில் இருந்த வடையையே பார்த்தாள். பிறகு மீதியையும் பிய்த்து நிதானமாகச் சாப்பிட்டாள். இலையில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. விரலைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

“ஏட்டி, அம்மாட்ட சொல்லு. அடுத்த வருசம் வடைக்கு உப்பு இன்னும் கொஞ்சம் போடச் சொல்லு.”